கசக்காத கிரீன் டீ

இன்றைக்கும் கசந்தது.

ஒரு வாய்தான் குடித்தான். கசப்பு நாக்கின் அடிவரை போய் ஒட்டிக்கொண்டது. மிச்சத்தைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றினான். இளம்பச்சையாக ஓடி, துளையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு இறங்கியது. குழாயைத் திறந்து மேலே தண்ணீர் விட்டான். ஊறிய இலையைக் குப்பையில் தட்டினான். கப்பைக் கழுவிக் கவிழ்த்தான். வேலை முடிந்து வந்தால் தினமும் இதுதான். வரிசைகூட மாறுவதில்லை.

அவன் ஆசைப்பட்டது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. இறந்துபோன மனைவி போட்ட கிரீன் டீ, ஒரு கப். அதே ருசியில் ஒரே ஒரு தடவை குடித்துவிட்டால் போதும். அவள் போட்டதில் கசப்பு இருக்காது. இருக்கிறதா இல்லையா என்று யோசிக்க வைக்கும் ஓர் இனிப்பு இருக்கும். விழுங்கி முடித்து, கப்பைக் கீழே வைத்த பிறகுதான் வாசனை தொண்டையிலிருந்து ஏறி வரும். மழை பெய்து நின்ற பிறகு ஜன்னலைத் திறந்தால் வருமே, கிட்டத்தட்ட அப்படி. இதற்கு மேல் அவனால் சொல்ல முடியவில்லை. சொல்ல முடியாததால்தான் குடித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

அதே கடையில் வாங்கிய அதே இலை. அதே கெட்டில், அதே கப். கை மட்டும்தான் வேறு. கையிலா இருக்கிறது டீ? அப்படிச் சொல்பவர்களை அவனுக்குப் பிடிக்காது. அவன் ரசாயனம் படித்தவன்.

அவள் ஒரு பல் ஆஸ்பத்திரியில் உதவியாளராக இருந்தாள். நோயாளி வாயைத் திறந்ததும் எச்சில் உறிஞ்சும் குழாயை உள்ளே வைத்துப் பிடித்துக்கொள்வது, டாக்டர் கை நீட்டும்போது எந்தக் கருவி வேண்டும் என்று கேட்காமலே எடுத்துக் கொடுப்பது, இதெல்லாம் வேலை. அவன் அவளைப் ‘பல்லு’ என்று கூப்பிடுவான். அவள் அவனைத் ‘தண்ணி டாக்டர்’ என்பாள். அவனுக்குத் தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில் வேலை.

ஒருநாள் அவளுடைய டாக்டர் யாரோ ஒரு நோயாளியிடம், கிரீன் டீ ஈறுக்கு நல்லது, சர்க்கரை போடாமல் குடிங்க என்று சொல்லியிருக்கிறார். நோயாளி காதில் வாங்கினாரோ இல்லையோ, இவள் வாங்கிக்கொண்டாள். அன்று சாயங்காலமே ஒரு டப்பா வீட்டுக்கு வந்தது. அதன் பிறகு அந்த வீட்டில் கிரீன் டீ படாத இடம் டிவி மட்டும்தான். அதுவும் சந்தேகம்.

காலையில் ஆறிய டீயால் வாய் கொப்பளிப்பாள். ஊறிய இலையை உலர்த்தித் துணியில் முடிந்து அவனுடைய ஷூவுக்குள் போடுவாள். மீன் நறுக்கிய பலகையில் தேய்ப்பாள். ஃபிரிட்ஜில் ஒரு கிண்ணத்தில் வைப்பாள், வாடையை இழுக்கும் என்று. ஈர இலையை இமைமேல் வைத்துக்கொண்டு சோபாவில் மல்லாந்து கிடப்பாள். அப்போது அழைப்பு மணி அடித்தால் அவன்தான் ஓட வேண்டும். பூந்தொட்டி மண்ணில் கிளறிவிடுவாள். தலை குளித்தால் கடைசிச் செம்பு அதுதான்.

“என்ன இருக்கு அதுல அப்படி?” என்று அவன் கேட்பான்.

“ஆன்டி ஆக்ஸிடன்ட் இருக்கு.”

“அது கத்திரிக்காயிலயும் இருக்கு.”

“அப்ப கத்திரிக்காயைக் கொதிக்க வச்சு வடிகட்டித் தரட்டுமா?”

ஒரே ஒரு தடவை வாய்தவறி அவளுக்கு உதவி செய்துவிட்டான். சாப்பிட்ட கையோடு குடிக்காதே, சாப்பாட்டிலுள்ள இரும்புச் சத்தை உடம்பில் ஒட்ட விடாது என்றான். அவள் பிடித்துக்கொண்டாள். “பாத்தீங்களா, அவ்வளவு சக்தி இருக்கு அதுக்கு. இரும்பையே தடுக்குதுன்னா சும்மாவா?” அதற்கு மேல் வாதாட அவனுக்குத் தெம்பில்லை.

இரண்டு சட்டங்கள் வைத்திருந்தாள். வேலையிலிருந்து வந்தால் குளிக்காமல் அடுப்படிக்குள் கால் வைக்கக் கூடாது. “எந்தச் சாக்கடையைத் தொட்டுட்டு வந்தீங்களோ.” சாக்கடைத் தண்ணீர் வேறு பிரிவு, நான் குடிதண்ணீர்ப் பிரிவு என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தான். எடுபடவில்லை. அவன் குளித்துவிட்டு வருவதற்குள் டீ தயாராகி, பால்கனியில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு நடுவில் இருக்கும் ஸ்டூலில் வந்து உட்கார்ந்திருக்கும். இரண்டு கப். அவனுக்கு நீலம், அவளுக்கு வெள்ளை.

இரண்டாவது சட்டம், ஒருவர் கப்பில் இன்னொருவர் வாய் வைக்கக் கூடாது. முத்தத்துக்கு மட்டும் விலக்கு உண்டா என்று கேட்டான். அது வேற டிபார்ட்மென்ட் என்றாள். பல் ஆஸ்பத்திரியில் நாள் முழுக்கத் திறந்த வாய்களைப் பார்க்கிறவள். கிருமி எப்படிக் குடிபெயரும் என்று அவளுக்குத் தெரியும். அவன் கட்டுப்பட்டான்.

பிறகு ஒருநாள் காலை, டாக்டர் கை நீட்டியபோது அவள் கருவியைக் கொடுக்கவில்லை. தலை வலிக்கிறது என்று சொல்லிச் சுவரோரமாக உட்கார்ந்தாள். தலைக்குள் ரத்தக் கசிவு. அவன் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அதைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை.

வந்த உறவுக்காரர்கள் வீட்டில் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தார்கள். “நாள் முழுக்க அந்தப் பச்சத் தண்ணியையே குடிச்சா. அதான் ரத்தத்தை நீர்த்துப்போக வச்சிடுச்சு” என்றாள் ஒரு பெரியம்மா. “அதைக் குடிச்சதாலதான் இவ்வளவு காலமாவது இருந்தா” என்றாள் பக்கத்திலிருந்த சித்தி. இரண்டு பேரும் ஒரே பாயில் உட்கார்ந்து, ஒரே தட்டிலிருந்து பிஸ்கட் எடுத்துக்கொண்டே இதைச் சொன்னார்கள். அவனுக்குக் கோபம் வரவில்லை. அழுகையும் வரவில்லை. மரத்துப்போன பல்லைத் தட்டினால் தெரியுமே, தட்டுவது தெரியும், வலிக்காது. அப்படி இருந்தான்.

வேலைக்குப் போனான். வந்தான். குளித்தான். ஒரு சாயங்காலம் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டே பால்கனிக்குப் போய் உட்கார்ந்து, ஸ்டூல் பக்கம் கையை நீட்டினான். ஸ்டூல் காலியாக இருந்தது. கை திரும்பி வந்துவிட்டது. வாய் திரும்பவில்லை. அது கேட்டுக்கொண்டே இருந்தது.

அன்றைக்கு எழுந்துபோய் முதல் கப் போட்டான். கசந்தது.

முதலில் அவன் கொதிக்கிற தண்ணீரை அப்படியே ஊற்றியிருந்தான். தப்பு. கிரீன் டீ இலை அவ்வளவு சூட்டைத் தாங்காது என்று அவனுக்கே தெரியும். மறுநாள் லேபிலிருந்து பழைய தெர்மாமீட்டர் ஒன்றைக் கொண்டுவந்து, சூடு இறங்கும்வரை நின்று ஊற்றினான். கசப்பு கொஞ்சம் குறைந்தது. போகவில்லை. ஊறும் நேரத்தைக் குறைத்தான். டீ வெளுத்தது, கசப்பு அப்படியே நின்றது. இலையைக் குறைத்தான். வெந்நீர்தான் மிஞ்சியது. டப்பா பழசாகி நமத்திருக்கும் என்று புது டப்பா வாங்கினான். புதுசு பழசைவிடக் கசந்தது.

அப்போதுதான் அவனுக்குத் தண்ணீர் மேல் சந்தேகம் வந்தது. எந்த வம்பு வந்தாலும் தண்ணீரைத்தான் முதலில் கூப்பிட்டு விசாரிப்பது அவன் தொழில். இத்தனை தாமதமாகத் தோன்றியதே என்று தன்னையே கடிந்துகொண்டான். அவள் இருந்தபோது வந்த தண்ணீர் வேறாக இருக்கலாம். நீரேற்று நிலையத்தை மாற்றியிருக்கலாம். குழாய் பழுது பார்த்திருக்கலாம். குளோரின் கூடியிருக்கலாம். டீயில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு தண்ணீர்தானே. பிடித்துவிட்டோம் என்று அன்று இரவு தூங்கக்கூடச் செய்தான்.

மறுநாள் வீட்டுக் குழாய்த் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனான். மற்ற மாதிரிகளோடு வரிசையில் வைத்துப் பரிசோதித்தான். கடினத்தன்மை, குளோரின், இரும்பு, அமிலத்தன்மை, எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. போன வருஷம் அந்தத் தெருவில் எடுத்த மாதிரிகளின் முடிவையும் தோண்டி எடுத்துப் பார்த்தான். வித்தியாசம் இல்லை. அவள் குடித்ததும் அவன் குடிப்பதும் ஒரே தண்ணீர்.

அப்படியும் அவன் விடவில்லை. காய்ச்சி வடித்த தண்ணீரில் போட்டான். சப்பென்று இருந்தது, சப்பென்று கசந்தது. கடையில் விற்கும் பாட்டில் தண்ணீர் நாலைந்து வகை வாங்கிவந்தான். ஒருநாள் மதியம் லேபின் சாப்பாட்டு அறையில் பேப்பர் கப்களை வரிசையாக வைத்து ஒவ்வொன்றிலும் ஒரு தண்ணீரில் டீ போட்டுக்கொண்டிருந்தபோது தலைமை ஆய்வாளர் உள்ளே வந்தார். யார் லீவு கேட்டாலும் பத்து கேள்வி கேட்டு, பாதி லீவை உள்ளேயே நிறுத்திவிட்டு மீதியை மட்டும் வெளியே விடுவார். அதனால் அவருக்கு ‘ஃபில்டர்’ என்று பெயர். அவருக்கே தெரியும்.

“என்னப்பா, கடை போட்டுட்டியா?”

“டெஸ்ட் பண்றேன் சார். குடிச்சுப் பாருங்க.”

ஃபில்டர் வரிசையாகக் குடித்தார். கடைசிக் கப்பில் கண்ணை இறுக்கி மூடினார். “எல்லாம் கசக்குது. இதுல எது நல்ல கசப்புன்னு கேக்கிறியா?”

“கசக்காம வேணும் சார்.”

“அப்ப பாலக் குடி.”

அவன் சிரிக்கவில்லை. ஃபில்டர் அவன் முகத்தைப் பார்த்தார். கதவைச் சாத்திவிட்டு எதிரில் உட்கார்ந்தார். அவள் இறந்த அன்று அவனுடைய வீட்டுக்கு வந்து, கடைசிவரை ஒரு வார்த்தை பேசாமல் நின்றுவிட்டுப் போனவர்.

“வீட்டம்மா போடுற மாதிரி வேணுமா?”

“ஆமா சார்.”

“ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காத. கெடைச்சா என்ன பண்ணுவ?”

“குடிப்பேன்.”

“குடிச்சிட்டு?”

ஃபில்டர் பேப்பர் கப்களை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிக் குப்பைக் கூடையில் போட்டார். “ரெண்டு நாள் லீவு எடுத்துக்க. காரணம் எழுத வேண்டாம்” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சர்வீஸில் அப்படி ஒரு லீவு அதுவரை போனதில்லை என்று பிறகு மற்றவர்கள் பேசிக்கொண்டார்கள்.

அந்த லீவில் ஒரு மத்தியானம் அழைப்பு மணி அடித்தது. மச்சினி நின்றாள். மனைவியின் தங்கை. வீட்டில் எல்லோருக்கும் ‘சின்னது’. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. யாரைப் பார்த்தாலும் முதலில் மூக்கைத்தான் அளப்பாள். ஒரு தோளில் கைப்பை, கையில் அடுக்கு டப்பா.

“அத்தான், ஃபோனை எடுக்கக் கூடாதுன்னு யாராவது சத்தியம் வாங்கியிருக்காங்களா?”

“சைலன்ட்ல இருந்துச்சு.”

“ஒரு மாசமாவா?” செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். “மூஞ்சி வத்திப்போயிருக்கு. இந்த மூஞ்சிக்குச் சின்ன ஃபிரேம்கூட நிக்காது. இத அம்மா பாத்தா என்னைத்தான் வறுத்தெடுக்கும், போய்ப் பாத்துக்கலையான்னு. சாப்பிட்டீங்களா?”

“ம்.”

“ம்முன்னா சாப்பிடலன்னு அர்த்தம். அக்கா சொல்லியிருக்கா.”

அடுப்படிக்குப் போனவள் வாசலிலேயே நின்றாள். மேடை முழுக்கத் தண்ணீர் பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் அவன் கையால் எழுதிய சீட்டு. நடுவில் தெர்மாமீட்டர்.

“வீட்டையும் லேப் ஆக்கிட்டீங்களா?”

அவன் சொன்னான். அவ்வளவு நீளமாக அவன் யாரிடமும் பேசிப் பல வாரம் ஆகியிருந்தது. சூட்டைச் சொன்னான், நேரத்தைச் சொன்னான், புது டப்பாவை, தண்ணீரை, எல்லாவற்றையும் சொன்னான். “என்ன பண்ணாலும் அவ டீ மாதிரி வரல” என்று முடித்தான். அவள் அடுக்கு டப்பாவை மேடையில் வைக்க இடம் தேடி, கடைசியில் ஃபிரிட்ஜின் மேல் வைத்தாள்.

“எனக்கு ஒரு கப் போடுங்க, பாப்போம்.”

அவன் போட்டான். கெட்டிலில் சூடு இறங்கும்வரை காத்திருந்தான். சின்னப் பானையில் இலையைப் போட்டு ஊற்றி, மூடி, காத்திருந்து, வடித்தான். கைக்குக் கிடைத்த கப் வெள்ளையாக இருந்தது. கொடுத்தான். அவள் அடுப்பு மேடையில் சாய்ந்துகொண்டு ஒரு வாய் குடித்தாள்.

இன்னொரு வாய் குடித்தாள். மூக்கு சிவந்தது.

“கசக்குதா? குடு, கொட்டிடறேன்” என்று கையை நீட்டினான்.

அவள் கப்பை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். “சும்மா இருங்க அத்தான்.”

“ஏன்?”

“இதுதான் அக்கா டீ. அப்படியே இருக்கு.”

“இல்ல. அவ போட்டா கசக்காது.”

“அக்கா டீயா? கசக்காதா?” அழ ஆரம்பித்த முகத்திலேயே அவளுக்குச் சிரிப்பும் வந்தது. “நான் மூக்கைப் பிடிச்சிட்டுத்தான் குடிப்பேன். முழுசாக் குடிச்சாதான் சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போவேன்னு மெரட்டுவா. அவளுக்கு வேப்பங்காயும் வெல்லமும் ஒண்ணு. அப்படியே...” சொல்லிக்கொண்டு வந்தவள் நிறுத்தினாள். அவனைப் பார்த்தாள். “ஐயோ. உங்களுக்குத் தெரியவே தெரியாதா?”

“என்ன தெரியாதா?”

“கடைசிவரைக்கும் சொல்லவே இல்லையா அவ?”

“எத?”

அவள் கப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “நீங்க குடிச்சது ரெண்டாவது தண்ணி அத்தான்.”

அவனுக்குப் புரியவில்லை. தண்ணீரைப் பற்றி அவனுக்குப் புரியாத ஒரு வாக்கியம்.

“முதல்ல ஊத்தி எறக்குற தண்ணி அவளுக்கு. கசப்பெல்லாம் அதுலயே எறங்கிடும். அப்புறம் அதே எலைல மறுபடி வெந்நி ஊத்தி எறக்குவா. அது உங்களுக்கு. அது கசக்காது. லேசா இனிக்கக்கூடச் செய்யும்.”

“ஏன்?”

“கல்யாணமான புதுசுல உங்களுக்கு முதல் தண்ணிதான் குடுத்தாளாம். நல்லா இருக்குன்னு சொன்னீங்களாம். ஆனா மூஞ்சி வெளக்கெண்ணெய் குடிச்ச மாதிரி ஆச்சாம். மறுநாள் ரெண்டாந்தண்ணியக் குடுத்துப் பாத்திருக்கா. இன்னைக்கு நேத்தைவிட நல்லா இருக்கேன்னு கேக்காமலே நீங்களா சொல்லியிருக்கீங்க. அவ்வளவுதான். அன்னையிலிருந்து அதேதான்.”

அவன் நின்றான். பாட்டில்களைப் பார்த்தான். தொட்டியைப் பார்த்தான். துளை இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். இத்தனை சாயங்காலமும் அவன் சரியாகத்தான் போட்டிருக்கிறான். ஒரு பிசகும் இல்லாமல் அவளுடைய கப்பைப் போட்டு, ஒரு வாய் குடித்து, கொட்டியிருக்கிறான்.

“அப்ப எனக்கு மிச்சத் தண்ணியா?” என்றான். குரல் அவனுக்கே புதிதாக இருந்தது. கோபம் மாதிரி இருந்தது.

“நானும் அதையேதான் கேட்டேன். ஏன்டி, பாவம், சத்தெல்லாம் நீ எடுத்துக்கிட்டு அவருக்குச் சக்கையத் தர்றியான்னு. அவரு நம்பாத சத்து அவருக்கு எதுக்கு, நம்பறவ குடிக்கறேன், அவருக்கு வாசனை போதும்னா.”

அவனுக்கு மனைவியின் குரலே கேட்டது. சின்னது அப்படியே அக்காபோல உதட்டைச் சுழித்துச் சொன்னாள்.

“என்கிட்ட ஏன் சொல்லல?”

சின்னது கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். “தண்ணியப் பாத்தே எந்தத் தெருக் குழாய்னு சொல்ற ஆளுடி. என்னைக்காவது ஒருநாள் கண்டுபிடிப்பாரு. அன்னைக்கு அந்த மூஞ்சியப் பாக்கணும்னு சொல்லுவா. அதுக்காகவே காத்துட்டிருந்தா அத்தான். ஒவ்வொரு வாட்டி ஃபோன் பண்ணும்போதும் கேப்பேன், கண்டுபிடிச்சிட்டாராடின்னு. இன்னும் இல்லடின்னு ஒரே சிரிப்பு.”

அடுப்படிக் குழாய் சரியாக மூடாமல் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் போய் மூடினான். மூடிய பிறகும் பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை. அவனுடைய முகம் இப்போது எப்படி இருக்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. பார்க்க வேண்டியவள் பார்க்கவில்லை. மற்றவர்கள் பார்த்து என்ன ஆகப்போகிறது.

“எலையக் கொட்டிட்டீங்களா?” என்றாள் சின்னது மெதுவாக.

“இல்ல. பானையிலேயே இருக்கு.”

“அப்ப ஊத்துங்க.”

கெட்டிலில் மிச்சம் இருந்ததைத் திரும்பச் சூடாக்கினான். தெர்மாமீட்டரை எடுக்கவில்லை. முன்பே ஊறி விரிந்து கிடந்த இலைமேல் ஊற்றினான். சுருண்டிருந்த ஒன்றிரண்டும் இப்போது விரிந்தன. மூடினான். எவ்வளவு நேரம் என்று அவன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. நீலக் கப்பில் வடித்தான். நிறம் முன்னதைவிட வெளுப்பாக இருந்தது.

குடித்தான்.

அது அங்கே இருந்தது. தேட வேண்டியிருக்கவில்லை. கசப்பு இல்லை. இருக்கிறதா என்று யோசிக்க வைக்கும் அந்த இனிப்பு. விழுங்கினான், கப்பை மேடையில் வைத்தான், காத்திருந்தான். வாசனை ஏறி வந்தது. பால்கனியும் ஈரத் தலையும் ஸ்டூலும் அந்தப் பக்கத்து நாற்காலியும் ஒருசேர வந்தன. நாற்காலியில் அவள் ஒரு காலை மடித்து உட்கார்ந்து, வெள்ளைக் கப்பின் விளிம்பு வழியாக அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படித்தான் பார்ப்பாள், தினமும். ஆசையில் பார்க்கிறாள் என்றே அவன் நினைத்திருந்தான். ஆசையும்தான். கூடவே, இன்றைக்காவது கண்டுபிடிக்கிறானா என்று பார்த்திருக்கிறாள். எத்தனை சாயங்காலம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் தண்ணீரின் கடினத்தன்மையைப் பற்றிப் பேசியிருக்கிறான்.

“வந்துச்சா ருசி?” என்றாள் சின்னது.

“வந்துச்சு.”

“அதேதானா?”

“அதேதான்.”

கப்பை எடுத்துக் கடைசிச் சொட்டுவரை குடித்தான். சின்ன கப். சீக்கிரம் முடிந்துவிட்டது. அடியில் ஒரு துணுக்கு இலை ஒட்டியிருந்தது. அதையும் விரலால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். ஒரு தடவை குடித்தால் போதும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தான். குடித்தாகிவிட்டது. போதவில்லை. இனி எப்போது வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்பது தெரிந்தது. அதனாலேயே அவனுக்கு வேண்டியது இது இல்லை என்பதும் தெரிந்தது. அவளைப் பற்றி எல்லாம் தெரியும் என்ற நினைப்பில், தெரிந்ததில் ஒன்றைத்தான் இத்தனை காலம் தேடியிருக்கிறான். தெரியாத ஒன்று எதிரில் வந்து நின்றபோது, அவள் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருப்பதுபோல் இருந்தது.

அப்போதுதான் கண் நிறைந்தது. அவன் அதைத் துடைக்கவில்லை. சின்னது கவனிக்காததுபோல் டப்பாவைத் திறந்து, சாப்பாட்டை ஒரு தட்டில் வைத்து, இன்னொரு தட்டால் மூடினாள்.

“சூடு பண்ணிச் சாப்பிடுங்க. நான் கெளம்பறேன், பஸ் போயிடும்.” கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். “ஃபோனை எடுங்க. அம்மாவுக்கு ஒரு வார்த்தை பேசுங்க.”

“சின்னது.”

“ம்?”

“வேற என்னெல்லாம் எனக்குத் தெரியாமப் பண்ணா?”

அவள் வாசல்படி அருகே திரும்பிப் பார்த்தாள். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அவன் விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்று புரிந்து சிரிப்பு நின்றது. “எங்கேருந்து ஆரம்பிக்கிறது?” என்றாள். பஸ் வருகிற தெருப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். கைப்பையைக் கழற்றிக் கதவுக் கொக்கியில் மாட்டினாள்.

அவன் கெட்டிலை நிரப்பி அடுப்பில் வைத்தான். பானை மூடியைத் திறந்தான்.

“அத்தான், மூணாவது தண்ணி குடிக்கிறதுக்கு இல்ல. அதுல ஒண்ணும் இருக்காது. அத அவ தலைக்கு ஊத்திக்குவா.”

“பரவால்ல” என்றான். ஒரு நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டான். “நீ சொல்லு.”